ஆளும் ஏடும்: மலையகத்து வழக்குகள் பற்றிய ஒரு நோக்கு

நீதிமன்றத் தீர்ப்புகளை இலக்கியத் திறனாய்வாளர் படிப்பதில்லை. அவை சட்டத்தரணிகளுக்கு உரியவை என்று ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. ஆயினும், மலையகத் தமிழரைப் பற்றி அதிகாரத்தோடு எழுதப்பட்ட உரைநடை எது என்று வினவுமிடத்து, நாவலுக்கும் சிறுகதைக்கும் முன்னதாகச் சுட்டப்பட வேண்டியவை சில தீர்ப்புகளே எனலாம். தோட்டத் தொழிலாளி வாக்காளனா அல்லனா, வேலை போனபின் லயத்து அறையில் தங்கியிருப்பது குற்றமா அன்றா, அவனது நாட்சம்பளத்தை விதிக்கும் அரச கட்டளை செல்லுமா செல்லாதா என்பனவெல்லாம் அவ்வுரைநடையிலேயே வாதிக்கப்பட்டன. ஹட்டனிலும் டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் வாழ்ந்தோரின் வாழ்க்கை அவற்றால் மாறியது. அவர்களோ அவற்றைப் படித்தவரல்லர். ஆங்கிலத்தில், கொழும்பிலும் இலண்டனிலும் எழுதப்பட்ட அப்பனுவல்கள் மலையக இலக்கியம் பற்றிய ஆய்வுகளில் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறுவது அரிது.

யார் வென்றார், யார் தோற்றார் என்பதை வரலாற்றாசிரியர் சொல்வர். திறனாய்வு கேட்கவேண்டிய கேள்வி வேறு. வழக்குக்குக் காரணமான மனிதன் அத்தீர்ப்பு என்னும் பனுவலில் எங்கே நிற்கிறான் என்பதே அது. ஆங்கிலச் சட்டமரபு வழியாக இலங்கைக்கு வந்த இரண்டு எழுத்தாணைகளின் இயல்பை விளங்கிக்கொண்டால் இக்கேள்வியை அணுகுவது எளிதாகும். ஆட்கொணர் எழுத்தாணை, தடுத்து வைக்கப்பட்ட ஒருவரை உடலோடு மன்றின்முன் நிறுத்துமாறு பணிப்பது. உறுதிகேள் எழுத்தாணை, அதிகாரி ஒருவர் எழுதிய முடிவின் பதிவேட்டை மேல்மன்றுக்கு வரவழைத்து, அது சட்டத்திற்குப் புறம்பாயின் அதனை அழிப்பது. முன்னதில் ஆள் வருகிறான். பின்னதில் ஏடு வருகிறது. மலையகத்தோடு தொடர்புடைய பெருவழக்குகளை அடுத்தடுத்து வைத்து நோக்கின், ஆளையோ அவனது உள்ளக்கிடக்கையையோ பார்த்தே தீரவேண்டிய நிலைக்கு மன்று உட்பட்டபோது அவன் வென்றதையும், ஏட்டை மட்டும் பார்ப்பது போதும் என்றிருந்தபோது அவன் பனுவலிலிருந்தே மறைந்துபோனதையும் காணலாம்.

தோட்டத்து வாழ்க்கை தொடக்கத்திலிருந்தே ஏடுகளால் ஆளப்பட்டது என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் வேண்டும். இன்ன தொகை கடனைத் தீர்த்தால் இவரை விடுவிக்கலாம் என்று துரைமார் எழுதிக் கொடுத்த ‘துண்டு’ மனிதரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றியது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அம்முறை நிலவியது. வேலை நீக்கத்திற்கு அடையாளம் பற்றுச்சீட்டு. தோட்டத்துப் பேச்சில் அது பத்துச்சீட்டு. ஒருவருக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றால், தொழில் மட்டுமன்றி வீடும் போயிற்று என்பதே பொருள். செக்ரோலில் ஒருநாள் வேலை ‘ஒரு பேர்’ என்று கணக்கிடப்படும். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ போடப்படும். பெயர் என்னும் சொல் நாட்கூலியின் அளவையாகிவிட்ட இவ்வழக்கு சொல்லாராய்ச்சியாளர் கருத்துக்குரியது. பெயர் எழுதப்படுவதும் விடப்படுவதும் வயிற்றோடு தொடர்புற்ற ஒரு சமூகத்தில், வாக்காளர் இடாப்பில் பெயர் விடப்பட்டபோது எழுந்த வழக்கு எத்துணைப் பாரதூரமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவ்வழக்கிற்கு வருமுன் அதற்கு முற்பட்ட இரண்டினை நோக்குதல் தகும். முதலாவது, பலரும் அறிந்த பிறேஸ்கேர்டில் வழக்கு. மார்க் அந்தனி பிறேஸ்கேர்டில் என்னும் இளைஞர் 1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் தேயிலைத் தொழில் பயிலும் உதவியாளராகச் சேர்ந்தவர். தொழிலாளர் நடத்தப்பட்ட முறையைக் கண்டு முரண்பட்டு, வேலையிழந்து, லங்கா சமசமாஜக் கட்சியில் இணைந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயருடன் மேடையேறித் தோட்டத் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். வெள்ளையர் ஒருவர் வெள்ளையரைத் தோட்டத் தொழிலாளர் முன்னிலையில் குறைகூறிய அச்செயலைத் தோட்டத்துரைமார் பொறுத்துக்கொள்ளவில்லை. அம்மாதம் 22ஆம் திகதி தேசாதிபதி சேர் றெஜினால்ட் ஸ்டப்ஸ், 1896ஆம் ஆண்டின் பழைய கட்டளையொன்றைத் தேடியெடுத்து, அவரை நாடுகடத்த ஆணையிட்டார். பிறேஸ்கேர்டில் தலைமறைவாகி, மே மாதத்தில் காலிமுகத்திடற் கூட்டமொன்றில் வெளிப்பட்டு, பின்னர் கைதானார். ஆட்கொணர் மனு தாக்கல் செய்யப்பட்டது, எச். வீ. பெரேரா அவருக்காக வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம், அவசரநிலைக்கென ஆக்கப்பட்ட அதிகாரத்தை அமைதிக்காலத்தில் பயன்படுத்தல் இயலாது என்று மே 18இல் தீர்த்து, அவரை விடுவித்தது.

இத்தீர்ப்பில் மனிதன் இருக்கிறான். அவன் என்ன செய்தான், எங்கே பேசினான், ஏன் பிடிக்கப்பட்டான் என்பன அங்கு கேட்கப்படுகின்றன. கேட்கப்படாமல் இருத்தல் இயலாது. அவன் மன்றின்முன் நின்றான். ஆயினும் இவ்வெற்றியை மிகைப்படக் கொண்டாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நாவலப்பிட்டிக் கூட்டத்தில் அவரது பேச்சைக் கேட்டிருந்த தொழிலாளர் எவரும் அப்பனுவலில் பெயர் பெறவில்லை. அவர்களைப் பற்றிப் பேசியமையே அவர் செய்த குற்றம். அவர்களோ அவ்வழக்கில் கேட்போராக மாத்திரம் இருந்தனர்.

தொழிலாளி ஒருவன் தன் பெயராலேயே இலண்டன் வரை சென்று வென்ற வழக்கு இதைவிட முக்கியமானது. ஆனால் இதில் பத்தில் ஒரு பங்கேனும் பேசப்படாதது. கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மியர்த் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் கையேற்றபோது, அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறுமாறு 1946இல் அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் போகவில்லை. அதனையொட்டி வேலைநிறுத்தமும் எழுந்தது. வெளியேறாதிருந்தோர்மீது தண்டனைச் சட்டக்கோவையின்கீழ்க் குற்றமுறையான அத்துமீறல் என்று வழக்குத் தொடரப்பட்டது. நிலவுரிமை பற்றிய பிணக்கு ஒன்றினைக் குடியியல் மன்றுக்குக் கொண்டுசெல்லாமல் குற்றவியல் மன்றுக்குக் கொண்டுசெல்வதன் நோக்கம் வெளிப்படை: குடியியல் வழக்கு இழுபடும், குற்றவியல் வழக்கு அச்சுறுத்தும். இலங்கை மன்றுகள் செல்வநாயகம் என்னும் தொழிலாளியைக் குற்றவாளியெனக் கண்டன. பிரிவிக் கவுன்சில் எனப்பட்ட கோமறைக் கழகம் 1950இல் அம்முடிவை மாற்றியது.

கோமறைக் கழகத்தின் தருக்கம் நுட்பமானது. அத்துமீறல் குற்றமாவதற்கு, நிலத்தை உடையவரைத் தொந்தரவு செய்யும் எண்ணம் இருத்தல் வேண்டும். ஒருவன் தங்கியிருப்பதால் உடையவருக்குத் தொந்தரவு உண்டாகும் என்பதை அவன் அறிந்திருந்தான் என்று காட்டுவது போதாது. அத்தொந்தரவே அவனது முதன்மை நோக்கமாயிருந்தது என்று காட்டப்படல் வேண்டும். செல்வநாயகத்தின் முதன்மை நோக்கம் எது? நெடுங்காலம் வாழ்ந்துவந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதே. ஆகவே குற்றமில்லை. பிற்காலத்தில் இந்திய உயர் நீதிமன்றமும் அத்துமீறல் பற்றிய வழக்குகளில் இம்முடிவை எடுத்து ஆராய்ந்துள்ளது. சட்டக் கல்லூரி மாணவர்க்கு இது ‘எண்ணம்’ என்னும் கோட்பாட்டுக்கு ஓர் உதாரணம். திறனாய்வு நோக்கில் இதன் சிறப்பு வேறு: லயத்து அறையில் இருப்பவனுக்கு ஒரு மனம் உண்டு என்பதையும், அம்மனத்தில் ‘இது என் வீடு’ என்ற எண்ணம் இருத்தல் இயல்பு என்பதையும் ஒப்புக்கொள்ளாமல் அத்தீர்ப்பை எழுதவே முடியாது. சட்டத்தின் அமைப்பே நீதிபதிகளை அவனது உள்ளத்துள் புகுந்து பார்க்கச் செய்தது. அதே வேளை, அவன் வென்றது எவ்வளவு என்பதும் அளந்தறியத்தக்கது. இருப்பது குற்றமில்லை என்றது தீர்ப்பு. வீடு அவனுடையது என்று அது சொல்லவில்லை. தொழிலோடு பிணைக்கப்பட்ட வீடு அவ்வாறே பிணைக்கப்பட்டிருந்தது.

இனிக் கோடக்கன்பிள்ளை வழக்கு. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் என ஹட்டனைச் சூழ்ந்த தொகுதிகள் யாவும் தோட்டத் தொழிலாளரின் வாக்கினால் தீர்மானிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும், இலங்கைப் பிரசைகளே வாக்காளராகலாம் என்று விதித்த 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. முதலாவது சட்டம் வம்சாவழியைக் கேட்டது. தந்தையோ தந்தைவழி முன்னோரோ இங்கு பிறந்ததற்கு ஆதாரம் காட்டும் நிலையிலிருந்த தோட்டத் தொழிலாளர் மிகச் சிலரே. மூன்றாவது சட்டம் பிரசையல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது.

ருவன்வெல்லைத் தொகுதியின் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடக்கன்பிள்ளை விண்ணப்பித்தார். உதவிப் பதிவதிகாரி முதனாயக்க அதனை நிராகரித்தார். மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரமோ, எந்தவொரு சமூகத்தாருக்கும் பிற சமூகத்தாருக்கில்லாத குறைபாட்டை விதிக்கும் சட்டம் செல்லாது என்ற சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைச் சுட்டி, பிரசாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் செல்லுபடியற்றவை என்று முடிவு செய்தார். ஓர் அதிகாரி, தமது மேசையிலிருந்த இடாப்பொன்றைத் திருத்தும் அலுவலில், நாடாளுமன்றம் இயற்றிய இரண்டு சட்டங்களைச் செல்லாதவை என்று எழுதிய அம்முடிவின் துணிவு, அதன் பின்விளைவினால் மறக்கப்பட்டுவிட்டது. முதனாயக்க உறுதிகேள் எழுத்தாணை கோரி உயர் நீதிமன்றம் சென்றார். 1951இல் அம்முடிவு அழிக்கப்பட்டது.

சட்ட அறிக்கைகளில் அவ்வழக்கின் பெயர் ‘முதனாயக்க எதிர் சிவஞானசுந்தரம்’. இரண்டு அரச அதிகாரிகள் எதிரெதிரே நிற்கின்றனர். எவருடைய பெயரைப் பற்றி வழக்கு நடந்ததோ அவரது பெயர் தலைப்பில் இல்லை. ஏடு வரவழைக்கப்படும்போது ஏட்டை எழுதியவரே எதிராளியாவார் என்பது நடைமுறை. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை. ஆயினும் நடைமுறையே ஒரு பனுவலின் பார்வையை அமைத்துவிடுகிறது. தோட்டத்தில் பிறந்தாரா, எத்தனை ஆண்டு உழைத்தார், முன்பு வாக்களித்தாரா என்பன அங்கு எழவேண்டிய தேவையே இல்லாத வினாக்களாகிவிட்டன. சட்டத்தின் சொற்கள் தெளிவானவை. எந்தச் சமூகத்தின் பெயரும் அவற்றில் இல்லை. ஆகவே வேறொன்றையும் நோக்கவேண்டியதில்லை என்பது உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

கோமறைக் கழகத்தில் கோடக்கன்பிள்ளையின் பெயர் தலைப்புக்கு வந்தது. 1953இல் அளிக்கப்பட்ட அத்தீர்ப்பு, கூர்ந்து வாசிப்பவருக்கு, தன்னோடு தானே முரண்படும் ஒரு பனுவலாகும். சட்டமொன்றின் சொற்கள் நேரிற் குற்றமற்றிருந்தும், மறைமுகமாகத் தடைசெய்யப்பட்ட பயனை அது எய்தக்கூடும் என்று ஒப்புக்கொள்கிறது. அதனை அறிவதற்கு ஆணைக்குழு அறிக்கைகள் முதலியவற்றையும், சட்டம் இயற்றியோர் கருத்திற் கொண்டிருந்திருக்கக்கூடிய பொது உண்மைகளையும் மன்று கவனிக்கலாம் என்றும் கூறுகிறது. உயர் நீதிமன்றம் மூடிய கதவு இங்கு திறக்கப்படுகிறது. திறந்த கதவால் உள்ளே வந்த உண்மை எது? இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம். அப்பழக்கம் அவர்கள் பிரசைகளாவதற்குத் தகுதியுடையவரா என்பதோடு தொடர்புடையது. ஒரு சமூகமாக அவர்கள் இருப்பதோடு தொடர்பற்றது என்று தீர்ப்புக் கூறிற்று. தன் பிரசைகள் யார் என்று வரையறுப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பாகவும் முறையாகவும் உரிய தொழில் என்பது அதன் மையக் கருத்து.

இவ்விடத்தில் தீர்ப்பை அதன் சொந்த அளவுகோலாலேயே அளக்கலாம். தேர்ச்சியற்ற தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசாங்கம் 1939 ஆகஸ்ட்டிலேயே தடைசெய்துவிட்டது. சட்டம் இயற்றப்பட்ட காலத்தில், தோட்டத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்த பழைய முறை முறிந்து ஏறத்தாழ ஒரு தசாப்தமாகியிருந்தது. அன்று லயங்களில் வாழ்ந்தவர் வந்தவராக மாத்திரமன்றி, இங்கேயே பிறந்தவராகவும் இருந்தனர். இடம்பெயர்தல் என்பது கப்பலின் வரவு செலவுக் கணக்கிலிருந்து பெறப்பட்ட ஒரு பொதுமை. நேவ்ஸ்மியர் வழக்கில் அதே மன்று, மூன்றாண்டுகளுக்கு முன்னர், தோட்டத் தொழிலாளி தன் வீட்டைவிட்டுப் போகமாட்டேன் என்று உறுதியாய் நின்றமையையே அவனது விடுதலைக்குக் காரணமாக்கியது. ஒரு தீர்ப்பில் அசைக்கவியலாதவனாய் நின்ற மனிதன் அடுத்த தீர்ப்பில் நிலையின்றித் திரிபவனாகிறான். இரண்டு தீர்ப்புகளும் சட்டத்தின் வெவ்வேறு கிளைகளைச் சார்ந்தவையாதலால் ஒன்றையொன்று கட்டுப்படுத்தா என்பது உண்மை. ஆனால் அவை பேசியது ஒரே மக்களைப் பற்றி. முன்னதில் நீதிபதிகள் ஒருவனது எண்ணத்தை நோக்கினர்; பின்னதில் ஒரு திரளின் பழக்கத்தை நோக்கினர். கோடக்கன்பிள்ளை எந்த நாட்டிற்கு இடம்பெயர்ந்தார், எத்தனை முறை இடம்பெயர்ந்தார் என்பது அங்கு வினாவாகவில்லை.

பிரசாவுரிமை பெறுவதற்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்துள்ளது. எனவே சமூகத்தை என்றென்றைக்குமாக விலக்கும் நோக்கம் இல்லை என்பதும் தீர்ப்பின் மற்றொரு தூண். அவ்வழியின் கதை பின்னர் தெரியவந்தது. காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்க மறுத்து, இறுதிக்கட்டத்தில் மனம் மாறியது. 1951 ஆகஸ்ட்டில் காலக்கெடு முடிந்தபோது, ஏறத்தாழ 825,000 பேரை உள்ளடக்கிய சுமார் 237,000 விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. தடையற்ற வதிவுக்கு ஆதாரம் வேண்டும், வருமானத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று பல்லாண்டு ஆராய்ந்து, ஏறக்குறைய 134,000 பேருக்கே பிரசாவுரிமை அளிக்கப்பட்டது. எஞ்சியோரைக் கொழும்பும் புதுடில்லியும் 1964 ஒக்டோபர் 30இல் எண்களாகப் பங்கிட்டுக்கொண்டன: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேர் பின்னர் முடிவு செய்வதற்கு. அந்த 150,000 பேரும் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவுக்கு இடமிருக்கவில்லை. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்த்த 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது 2003இல். ஹட்டனைச் சூழ்ந்த தொகுதிகளிலே, 1947இல் மக்கள் தெரிவுசெய்த பிரதிநிதிகளுக்குப் பின்னர், 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாவில் தொண்டமான் வெல்லும் வரை மலையகத் தமிழர் ஒருவர் தேர்தலால் நாடாளுமன்றம் செல்லவில்லை. தோல்வியுற்ற ஒரு மேன்முறையீட்டின் நிழல் இத்துணை நீண்டது.

தலவாக்கலை ஆசனத்தை இழந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை என்பது இலக்கிய மாணவர் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய செய்தி. வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர்; சட்டங்கள் நிறைவேறியபோது சபையில் அமர்ந்திருந்தவர்; 1952இல் வாக்குரிமைக்கான சத்தியாக்கிரகக் காலத்தையும் கண்டவர். அவரது எழுத்தைப் பற்றி வழக்கமாகக் கூறப்படும் குறை ஒன்றுண்டு: கதைப்பின்னல் தளர்ந்தது, பாத்திரங்கள் சித்திரங்களாக நின்றுவிடுகின்றன என்பது. 1970இல் ஆங்கிலத்தில் வந்த, தோட்டத்து மனிதர்களின் விவரணச் சித்திரங்கள் அடங்கிய நூலுக்கும் இக்குறை பொருந்தும் என்பர். கலையளவில் அது முற்றும் தவறன்று. ஆனால் அச்சித்திரங்கள் எதற்கு மறுமொழியாக எழுந்தன என்பதை நோக்காது அக்குறையைக் கூறுவது பொருந்தாது. சட்டமும் தீர்ப்பும் ஒப்பந்தமும் ஒரு மக்கட்கூட்டத்தைப் பழக்கமாகவும் எண்ணாகவும் எழுதிவைத்த காலத்தில், ஒவ்வொருவராகப் பெயரும் முகமும் தொழிலும் பேச்சும் கொடுத்து எழுதியமை ஓர் எதிர்ப்பதிவேடு. ‘நாடற்றவர் கதை’, ‘வீடற்றவன்’ என்ற தலைப்புகளையே நோக்குக. ஒன்று கோடக்கன்பிள்ளை வழக்கின் பொருள். மற்றது நேவ்ஸ்மியர் வழக்கின் பொருள். பாத்திரங்களை ஒரு பெருங்கதைக்குள் அடக்கி இயக்கும் நாவலாசிரியரை அவரிடம் தேடுவோர் ஏமாறுவர். விடுபட்ட பெயர்களை மீள எழுதும் பதிவாளரைத் தேடுவோர் ஏமாறார்.

எனினும் மலையகப் புனைகதை பொதுவாக நீதிமன்ற வாயிலோடு நின்றுவிடுவது ஒரு குறையே. அதன் விசாரணைக்களம் பெரும்பாலும் தோட்டத்து ஆபீஸ். அங்கே துரை நீதிபதி, கணக்கப்பிள்ளையும் கங்காணியும் சாட்சிகள். அநீதி ஆபீஸ் வாசலில் நிகழும்போது அதற்கு முகம் உண்டு. எழுத்தாளனால் அதனை எளிதிற் காட்டமுடியும். உறுதிகேள் எழுத்தாணைக்கு முகம் இல்லை. அண்மைக் காலத்துச் சம்பள வழக்குகள் இப்பிரச்சினையை மீண்டும் முன்வைத்துள்ளன.

தேசியமயமாகியிருந்த தோட்டங்கள் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றபின், தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் கூட்டு ஒப்பந்தங்கள் மூலம் சம்பளத்தைத் தீர்மானித்துவந்தன. 2019 ஜனவரியில் கைச்சாத்தான ஒப்பந்தம் அடிப்படை நாட்சம்பளத்தை 700 ரூபாவாக்கியது. ஆயிரம் ரூபா என்னும் கோரிக்கையோ பல தேர்தல் மேடைகளைக் கண்டது. 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் தீர்மானம் வர்த்தமானியில் வந்தது: அடிப்படை 900, வரவுசெலவுத் திட்டப் படி 100. கம்பனிகள் அதனை அழிக்கும் எழுத்தாணை கோரி மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றன. இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. தொழிலாளர் வென்றனர் என்றே தோன்றியது. ஆனால் சம்பளத்தைச் சபை தீர்மானிக்குமாயின் கூட்டு ஒப்பந்தம் எதற்கு என்று கம்பனிகள் அதிலிருந்து விலகிவிட்டன. அவ்வொப்பந்தத்தில் சம்பளம் மாத்திரமா இருந்தது? வேலை நியமங்கள், சலுகைகள், பிணக்குத் தீர்க்கும் முறை யாவும் அதில் அடங்கியிருந்தன. பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டது, வேலைநாட்கள் குறைக்கப்பட்டன, அரைப்பேர் பெருகியது என்ற முறைப்பாடுகள் தோட்டங்களிலிருந்து எழுந்தன. ஆயிரம் ரூபா ஒரு பேருக்கு. பேர் போடுவது துரையின் கையில்.

கம்பனிகளின் வாதத்தைக் கேளாது விடுவதும் நேர்மையாகாது. தேயிலையின் விலையைக் கொழும்பு ஏலம் தீர்மானிக்கிறது. உற்பத்திச் செலவிற் பெரும்பங்கு கூலி. வருமானத்தை நிர்ணயிக்க இயலாத ஒரு தொழிலில் செலவை மாத்திரம் அரசு நிர்ணயிப்பது எங்ஙனம் என்பது அவர்களது கேள்வி. 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடை விளைச்சலைத் தாக்கியது. அடுத்த ஆண்டு நாட்டின் பொருளாதாரமே நிலைகுலைந்தது. இளையோர் தோட்டத்தைவிட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத்தொழிற்சாலைகளுக்கும் போய்க்கொண்டிருந்தனர். வழக்குத் தொடுத்த கம்பனிகள் நீதிமன்றத்தில் தேடியது செலவுக் கட்டுப்பாடு. அவை இழந்ததோ, எதிர்த்தரப்போடு ஒரே மேசையில் அமர்ந்து பேசும் பழக்கம். ஆளில்லாத மலைகளில் கொழுந்து முற்றிப்போவதைத் தடுக்க எந்த எழுத்தாணையும் இல்லை.

2024இல் இக்கதை வேகமாக மீண்டும் நடந்தது. ஹட்டனுக்கு அருகே கொட்டகலையில் நடந்த மே தினக் கூட்டத்தில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபா நாட்சம்பளத்தை அறிவித்தார், வர்த்தமானியும் வெளிவந்திருந்தது. கம்பனிகள் மீண்டும் மன்றேறின. ஜூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் அவ்வர்த்தமானியை இடைநிறுத்தி இடைக்கால உத்தரவிட்டது. அரசாங்கம் அதனை மீளப்பெற்றது. செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக விதிக்கப்பட்டது. இவ்வழக்கின் மையத்திலிருந்த வினா, கட்டளை பிறப்பிக்கப்பட்ட முறை சட்டத்திற்கு இயைந்ததா என்பதே. அது முறையான வினாதான். அரசாங்கம் தேர்தல் ஆண்டொன்றில் அவசரப்பட்டுப் பிறப்பிக்கும் கட்டளையை மன்று ஆராய்வது சட்டவாட்சிக்கு இன்றியமையாதது. ஆனால் அங்கும் வந்தது ஏடே. மே தினத்தன்று கொட்டகலைத் திடலில் அத்தொகையைக் காதாற் கேட்டவர்கள், நாவலப்பிட்டியில் 1937இல் கேட்டு நின்றவர்களைப்போல, கேட்டோராகவே இருந்தனர். வர்த்தமானி வந்ததும் நின்றதும் போனதும் கொழும்பில் நிகழ்ந்தன. ஹட்டன் மலைகளில் கொழுந்து பறித்த பெண்ணுக்கு அவ்வழக்கின் முடிவு தெரிந்தது அடுத்த சம்பள நாளன்று, கையில் வாங்கிய சம்பளச் சீட்டில், எத்தனை பேர் போடப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தபோதுதான்.